தகட்டு மனிதன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் என் மகன் பயிற்சிக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. போன மாதம் அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் நல்லவர்தான். ஆனால் "மிஷின்ல கை" என்று ஆரம்பித்துவிட்டார். அது என் மகனின் கை இல்லை, பக்கத்தில் நின்ற வேறொரு பையனுடையது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அவன் சாப்பிடும்போது சோறு போதுமா என்று பார்ப்பதில்லை. விரல்களைப் பார்க்கிறேன். "இன்னாம்மா, தட்டுல எதனா வுழுந்துச்சா?" என்று அவன் கேட்கிறான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஓடிய ஆள் அட்டைப்பெட்டிகளைக் கத்தரித்து ஒட்டியதுபோல் இருந்தான். படம் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது என்று கேட்டேன்.

"மோசம் இல்லம்மா, இதான் இப்ப ஸ்டைலு. வேணும்னே பழைய மாதிரி செய்றாங்க."

அந்த ஆளின் கைகள் துடுப்பு போல முடிந்திருந்தன. விரல்கள் இல்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் நினைத்திருப்பான். அந்த ஆளை அவன் பிறப்பதற்கு வெகு முன்பே எனக்குத் தெரியும்.

அப்போது எங்கள் வீடு திருவள்ளூரில். அம்மாவின் தம்பி எங்களோடு தங்கி, காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை செய்துகொண்டிருந்தார். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி அடிக்கும். தகடு ஒரு மூடியாகவோ கிண்ணமாகவோ வெளியே வரும். அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் இரண்டு கையும் பட்டனில் இருந்தால் தகடு வைக்க நேரமாகும். சாயந்தரத்துக்குள் சொன்ன எண்ணிக்கை முடியாது. அதனால் ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகிவிட்டு, மற்றதை ஒரு கையால் அமுக்கி, அடுத்த கையால் தகட்டை வைத்துக்கொண்டே போவார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மாமாவுக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அப்படிப் போயின.

கட்டுப் பிரித்ததும் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கை தேறட்டும், வந்து இரண்டு கையாலும் பட்டனை அமுக்கிக் காட்டட்டும், முடிந்தால் மிஷினில் நிற்கலாம், முடியாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மா வேண்டாத சாமி இல்லை. மீஞ்சூரில் வேலை பார்த்த அப்பா வாரக் கடைசியில் வரும்போது மாமாவிடம் அரசியல் பேசுவார், கிரிக்கெட் பேசுவார், கையை மட்டும் பார்க்க மாட்டார்.

சும்மா இருக்கும் மாமாவுக்கு அம்மா கொடுத்த ஒரே வேலை, பள்ளிக்கூடம் விட்டதும் என்னை அழைத்து வருவது. அந்த வேலையை அவர் நேர்வழியில் செய்யவில்லை. தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ கேம் கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. உள்ளே இருட்டாக இருக்கும். டிவிப் பெட்டிகளின் சூடும் பையன்களின் வியர்வையும் கலந்த வாசனை. அங்கே போன ஒரே பெண்பிள்ளை நான்தான். என் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமா ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பார். வீட்டுக்குப் போனதும் ஸ்பெஷல் கிளாஸ் என்று நான் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு என்ன ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. அம்மா அப்பாவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா எப்போதும் ஒரே விளையாட்டைத்தான் கேட்பார். மற்ற பையன்கள் சண்டையும் கார்ப் பந்தயமும் போடுவார்கள். எங்களுடையதில் பச்சைச் சட்டை போட்ட ஒருவன் ஒரு தீவில் நடந்துகொண்டிருப்பான். அவ்வளவுதான். அவன் எங்கே போகிறான் என்று எங்களுக்குப் புரியவில்லை. இங்கிலீஷில் ஏதோ எழுதிக் காட்டும், மாமா அதைப் படிக்காமலேயே பட்டனைத் தட்டிவிடுவார்.

அந்தத் தீவை எப்படிச் சொல்வது? வண்டிச் சக்கரங்கள் எட்டுப் பட்டையாக இருந்தன, ஆனாலும் உருண்டன. மரம் என்பது ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்க வைத்த இரண்டு அட்டைகள். சுவருக்குப் பக்கத்தில் போனால் செங்கல் படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். கடல் ஒரே நீலத் துணி. பச்சைச் சட்டைக்காரனின் முகம் ஒரு சின்னப் பெட்டியில் ஒட்டிய படம். கண் மூடாது, வாய் திறக்காது. ஆனால் பாலத்தைத் தாண்டும்போது அவன் பயப்படுவான், படிக்கட்டு ஏறி முடித்ததும் சிரிப்பான். அதெல்லாம் திரையில் இல்லை என்று இப்போது தெரிகிறது. மீதியை நான் போட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அங்கிருந்த பனிமூட்டம். கொஞ்ச தூரத்துக்கு மேல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அவ்வளவுதான் அந்த விளையாட்டுப் பெட்டியால் வரைய முடிந்தது என்பது எனக்குத் தெரியாது. நாம் நடக்க நடக்க, வெள்ளையிலிருந்து ஒரு முனை எட்டிப் பார்க்கும். பிறகு ஒரு முக்கோணம். அதன் பக்கத்தில் இன்னொன்று. கண்ணெதிரே கூரையும் கோபுரமும் எழுந்து நிற்கும். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்துகொண்டு யாரோ அவசர அவசரமாக ஊரைக் கட்டுவதுபோல் இருக்கும்.

ஒருநாள் ஆள் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டான். திரை திரும்பித் திரும்பி அவன் தலைக்குள்ளேயே போய்விட்டது. உள்ளிருந்து பார்த்தால் முகம் வெறும் கூடு. நான் பயந்து மாமாவின் சட்டையைப் பிடித்தேன்.

"பயப்படாத பாப்பா. தகடுதான். மடிச்சி மடிச்சி ஒட்டிக்கிறாங்க. உள்ள ஒன்னும் கெடையாது."

"வலிக்காதா மாமா?"

"காலிடப்பாவுக்கு இன்னா வலி?"

நான் அவன் கைகளைக் கவனித்தது அதற்குப் பிறகுதான். அந்தத் தீவில் யாருக்கும் விரல் இல்லை. மீன்காரன், காவல்காரன், தொப்பி போட்ட ராஜா, எல்லோருக்கும் மணிக்கட்டுக்கு அப்புறம் ஒரு கட்டை. யாரும் யாரையும் அது பற்றிக் கேட்கவும் இல்லை. அந்தக் கையாலேயே கதவைத் திறந்தார்கள், ஏணி ஏறினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

"மாமா, அவனுக்கும் உன் கை மாதிரியே கீது."

பக்கத்து டிவி முன்னால் இருந்த பையன்கள் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். மாமா தன் இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"எனக்காவது மூணு கீது. அவனுக்கு அதுவும் இல்ல பாரு. ஆனாலும் அவன் பாட்டுக்கு சோலியப் பாத்துக்கினு போறான்."

தீவின் கோடியில் ஒரு பாலம் உடைந்து கிடந்தது. அந்தப் பக்கம் முழுக்கப் பனி. இடைவெளியைத் தாண்ட வேண்டுமென்றால் ஜாய்ஸ்டிக்கின் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் இருக்கும் பட்டன்களை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். எல்லோரும் ஆள்காட்டி விரலால் அமுக்குவார்கள். மாமாவுக்கு இடது பக்கம் அதற்கு மோதிர விரல்தான் மிச்சம். அது அவ்வளவு தூரம் வளைந்து எட்டாது. எட்டினாலும் ஒரு நொடி பிந்தும். பச்சைச் சட்டைக்காரன் தொப்பென்று நீலத் துணியில் விழுவான். மாமா விட மாட்டார். மறுபடி தீவின் தொடக்கத்திலிருந்து நடப்போம். மறுபடி விழுவான்.

"ண்ணா, உங்காளு குளிக்கறதுக்குன்னே வர்றாரா?" என்பான் ஒருவன்.

"சோப்பு வாங்கிக் குடுங்கண்ணா" என்பான் இன்னொருவன்.

மாமாவும் சேர்ந்து சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். அந்தப் பனிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்கார அண்ணன் ஒருநாள் பொறுக்காமல் எழுந்து வந்தார். கையில் ஒரு ரப்பர் பேண்டு.

"குடுண்ணா இப்டி. லெப்ட்டு பட்டன்ல இத்த சுத்தி வுட்டா அதுவே அமுங்கிக்கினு இருக்கும். நீ ரைட்ட மட்டும் அமுக்கு, பறந்துடுவான்."

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. அண்ணனே சுற்றிவிடக் கையை நீட்டினார். மாமா ஜாய்ஸ்டிக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"வேணாம்பா."

"அட, யாரு பாக்கப் போறாங்க?"

"வேணாம்னு சொல்றேன்ல. ரெண்டு கையாலயே அமுக்கறேன். நீ போய் ஒக்காரு."

ஒரு ரப்பர் பேண்டுக்கா இவ்வளவு கோபம் என்று எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. அன்றைக்கும் ஆள் கடலில்தான் விழுந்தான். வீடு வரும்வரை மாமா நடந்துகொண்டே இடது கையின் மோதிர விரலைப் பின்னுக்கு வளைத்து வளைத்து விட்டுக்கொண்டு வந்தார்.

பாலத்தைத் தாண்டிய நாள் நல்ல மழை. கடையில் கூட்டம் இல்லை. ஆள் ஓடினான், மாமாவின் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின, இரண்டு பட்டன்களும் ஒரே 'டக்'கென்று அமுங்கின. அவன் போனான். வெள்ளைக்குள் போய் எதன்மீதோ நின்றான். மாமா அப்படியே ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி இருந்தார்.

"நட மாமா, நட."

நடந்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மிக உயரத்தில், நான் எதிர்பார்க்காத உயரத்தில், ஒரு இளஞ்சிவப்பு முக்கோணம். அதன் கீழே ஊதா. அதன் கீழே இன்னும் கருத்த ஊதா. ஒரு மலை மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக, எங்களுக்காக இறங்கி வந்து தரையைத் தொட்டது. பட்டைகளுக்கு நடுவே முடி அளவு இடுக்குகள். அவற்றின் வழியாக வானம் கசிந்தது.

என் மகனின் விளையாட்டுகளில் இப்போது இலை நரம்புகூடத் தெரிகிறது. உதட்டு வெடிப்பு தெரிகிறது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் சில நாட்களில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, புதுவாயல் பக்கம் மழை இறங்கி நெடுஞ்சாலையின் மறுகோடி வெள்ளையாகிவிட்டால், நான் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். லாரிகள்தான் வருகின்றன.

மலைக்கு அப்புறம் என்ன என்று நாங்கள் பார்க்கவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிவர அம்மா வந்திருந்தார். மாமா காலையிலேயே கம்பெனிக்குப் போய்ச் சூப்பர்வைசர் முன்னால் இரண்டு பட்டன்களையும் அமுக்கிக் காட்டிவிட்டார், மிஷினில் மீண்டும் நிற்கச் சொல்லிவிட்டார்கள் என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று சொன்னார். அன்று வீட்டில் கேசரி. மாமா எனக்குத் தன் பங்கையும் தந்தார். நான் அதைத் தின்றேன், ஆனால் அழுதுகொண்டே தின்றேன். இனிமேல் தேரடிச் சந்துக்கு என்னை யார் கூட்டிப் போவார்கள் என்ற கவலை எனக்கு.

"ஏன்டி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? மாமாக்கு வேலை கெடச்சுக்கீது, சிரிடி" என்று அம்மா அதட்டினார்.

"ஞாயித்துக்கெழம போலாம் பாப்பா" என்றார் மாமா.

அடுத்த நாள் விடிந்ததும் மாமா சைக்கிளை வெளியே எடுத்தார். ஒரு காலை ஊன்றி நின்றபடி, சாப்பாட்டுப் பைக்காகக் கையை நீட்டினார். அம்மா பையைக் கொண்டுவந்து நீட்டினார். மாமா அதன் காதைப் பிடித்தார். அம்மா விடவில்லை.

"உடுக்கா, டைமாவுது."

அம்மா தலையை ஆட்டினார். சரி என்பதுபோலத்தான் ஆட்டினார். ஆனால் கை பையிலேயே இருந்தது. முந்தின நாள் தெரு முழுக்க நின்று சொல்லிச் சிரித்தவர் அவர்தான்.

"மெதுவாவே செய்டா. எண்ணிக்க கொறஞ்சா கொறயட்டும்."

"சரிக்கா."

"யாரு இன்னா சொன்னாலும்."

"சரின்றேன்ல. உடு."

காக்களூர்ப் பக்கமிருந்து ஷிப்டுச் சங்கு ஊதியது. அப்போதும் அந்தப் பை இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருந்தது. நான் வாசற்படியில் பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்தேன். எனக்குப் பொறுமையே இல்லை. சீக்கிரம் போனால்தானே மாமா சீக்கிரம் திரும்பி வருவார், இவ்வளவு பெரிய அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.