சுண்ணாம்பு பூசிய பொமரேனியன்

எதிர்வீட்டுக்காரர் நேற்று தம் பொமரேனியனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை நாய்க் கண்காட்சியாம், அழகுப் போட்டியாம், தாண்டும் பந்தயமாம். அழைப்பிதழ் நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவாததுதான் பாக்கி. நாய் என்னைப் பார்த்துக் குரைத்துவிட்டு ஒரு தும்மல் போட்டது. குப்பென்று பவுடர் வாசனை.

"சாருக்கு நாய்னாலே ஆகாதோ?" என்றார் என் முகத்தைப் பார்த்து.

நாய் எனக்கு ஆகும். நாய்க்குப் பவுடர் பூசிக் கோப்பை வாங்குகிற மனிதர்களைக் கண்டால்தான் ஆகாது. இதை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஒரு காலத்தில் பூசியவர்களில் நானும் ஒருத்தன், அதனால் திட்டுவதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

யுத்த காலம். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் என்னுடையது. பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் படித்துவிட்டு, தூத்துக்குடியில் பஞ்சுப் பொதி ஏற்றுமதி செய்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்தொன்று. கப்பல் எப்போதாவதுதான் வரும். கப்பல் வராத துறைமுகத்தில் ஏற்றுமதிக் குமாஸ்தாவுக்கு என்ன வேலை இருக்கும்? துரை வீட்டு வேலைதான். துரைசானிக்கு ஊசி நூல் தேடுவது, சமையல்காரனுக்கும் அவளுக்கும் சண்டை வந்தால் மொழிபெயர்ப்பது. எங்கள் ஆபீசில் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவன் நான் என்று பெயர். அந்தப் பெயரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு திரிந்தேன். துரை ஒருநாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினால் மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

துரைசானி ஒரு பொமரேனியன் வைத்திருந்தாள். முத்து விளைகிற ஊருக்கு வந்தோமே என்று அதற்குப் 'பேர்ல்' என்று பெயர். முழங்கால் உயரம் இருக்காது. பர்மா அரிசி நின்றுபோய் ஊரே ரேஷன் கடை வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அது ஆட்டு ஈரலைத் தின்றுவிட்டு வராந்தாவில் ஏப்பம் விட்டுக்கொண்டு கிடக்கும். கசாப்புக் கடைக்காரர் ஒருநாள் ஈரல் இல்லை என்று சொல்லிவிட்டார். அதை விசாரிக்க ஆபீசிலிருந்து ஆள் போனது. போன ஆள் நான்தான்.

சூசையைப் பற்றி இதற்குள் சொல்லியிருக்க வேண்டும். நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷன் பின்னால் போய்விடுகிறான், அந்தப் பங்களாவிலும் அப்படித்தான். சூசை புன்னைக்காயல்காரன். சங்கு குளித்துக்கொண்டிருந்தவன். ஆழத்தில் ஒருநாள் வலது காது வெடித்து ரத்தம் வந்துவிட்டது. இனித் தலை தண்ணீருக்குள் போனால் மிச்சக் காதும் போய்விடும், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கடல் தவிர வேறு ஒன்றும் தெரியாதவனுக்குக் கரையில் கிடைத்தது நாய்க்காரன் வேலை. பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறையில் அவனும் மாசமாயிருந்த அவன் மனைவியும் இருந்தார்கள். வேலை போனால் அறையும் போய்விடும், மறுபடியும் கடல்தான். இது அவனுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவன் நாயை 'முத்து' என்றுதான் கூப்பிடுவான். "பத்து வருசம் முங்கி ஒரு நல்ல முத்து எடுக்கலய்யா. கரையில கெடச்சது இதுதான்" என்பான். துரைசானி 'பேர்ல், பேர்ல்' என்று தொண்டை வறளக் கத்துவாள், அது திரும்பாது. சூசை மெதுவாக ஒரு 'முத்து' சொன்னால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். துரைசானிக்கு இது பிடிக்கவில்லை.

அந்த வருஷம் கடற்கரைச் சாலையில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில், யுத்த நிதிக்காக நாய்க் கண்காட்சி வைத்தார்கள். நாய் குட்டிக்கரணம் போட்டால் யுத்தம் எப்படி ஜெயிக்கும் என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை. பொமரேனியன் வகுப்பில் மொத்தமே இரண்டு நாய். ஒன்று எங்கள் பேர்ல். இன்னொன்று ஒரு துறைமுக அதிகாரியின் சம்சாரத்துடையது. இரண்டு துரைசானிகளும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிப்பதில்லை. நடுவராக வந்த கேப்டன் வேட்டை நாயைத் தவிர வேறு நாயைப் பக்கத்தில் பார்த்திராதவர் என்று பேசிக்கொண்டார்கள். இதற்காக எங்கள் ஆபீஸ் ஒரு வாரம் தூங்கவில்லை.

கண்காட்சி அன்று காலையில் பங்களாவிலிருந்து சீட்டு வந்தது. நாயின் வெள்ளை முடியில் ஊர்ப் புழுதி ஏறி மஞ்சளாகத் தெரிகிறது, சீமையிலிருந்து வந்த பவுடர் டப்பா காலி, நாலு மணிக்குள் வெள்ளைப் பவுடர் வேண்டும். ஊரெல்லாம் அலைந்தோம். கப்பல் வந்தால்தானே பவுடர் வரும்? கிடைக்கவில்லை. அப்போதுதான் ஹெட் கிளார்க் தர்மராஜ் அண்ணாச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே மூளையைக் கசக்கினார். அந்த மூளையிலிருந்து வேறு எது வரும்? கையில் இருந்ததுதான் வந்தது.

"ஏலே, சிப்பிச் சுண்ணாம்பு இருக்குல்லா! அதவிட வெள்ள எங்க இருக்கு?"

எங்கள் கரையில் சிப்பியைச் சூளையில் சுட்டு எடுக்கிற சுண்ணாம்புக்கு அப்படி ஒரு வெண்மை. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் அடிப்பது அதுதான். இன்னும் தண்ணீர் விட்டு நீற்றாத தூளை வாங்கி வந்து, இண்டர்மீடியட் பாஸ் செய்த மூன்று பேர் உட்கார்ந்து என் மல் வேட்டியில் சலித்தோம். காலேஜில் ஷேக்ஸ்பியர் படித்த கைகள்.

பங்களாவின் பின்கட்டில் சூசை தடுத்தான். "வேண்டாம்யா. ஈரம் பட்டா வெந்துரும். சூளையில வேல பாக்குற ஆளுக காலப் பாத்திருக்கேன்."

"ஒங்கிட்ட எவம்லே யோசன கேட்டான்?" என்றார் அண்ணாச்சி. "நாம வெத்தலையில தடவி அன்னாடம் திங்கோம். நமக்கு ஒண்ணும் ஆவல, நாய்க்கு என்ன ஆயிரப் போவுது?"

சூசை என்னைப் பார்த்தான். படித்தவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்திருப்பான். நான் நாய்மேல் தூவி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, "கண்ணுல படாமப் பூசியாச்சு, போ" என்றேன்.

கண்காட்சியில் எங்கள் நாய் பளபளத்தது. கேப்டன் இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் நாய்க்குக் கோப்பையைக் கொடுத்தார். துரைசானிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். தட்டில் மக்ரூன் வந்தது, எங்களுக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. இந்த உலகத்தில் வேறு என்ன வேண்டும் என்று வேலி ஓரம் நின்று தின்றோம்.

அடுத்தது தாண்டும் பந்தயம். நாய்கள் இரண்டு கம்பைத் தாண்டி, சாக்குக் குழாயில் நுழைந்து, கடைசியில் தகரத் தொட்டியில் தேக்கியிருந்த தண்ணீரைக் கடக்க வேண்டும். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பேர்ல் தொட்டியில் இறங்கி ஏறியது. பத்து அடி ஓடியதும் வீறிட்டது. மண்ணில் புரண்டது, வயிற்றைக் கடித்தது, முன்கால்களால் கண்ணைத் தேய்த்தது. நாய் அப்படி அலறி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வெள்ளைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். யாரும் கிட்டப் போகவில்லை.

சூசை வேலியைத் தாண்டி வந்து நாயை வாரி எடுத்தான். அது அவன் கையைக் கடித்தது. விடாமல் சாலையைக் கடந்து ஓடி, கடலில் இடுப்பளவு இறங்கி, நாயைத் தண்ணீருக்குள் முக்கினான். எடுத்தான், மறுபடியும் முக்கினான். தண்ணீர் அவனைச் சுற்றிப் பால் மாதிரி வெளுத்தது. கரையில் நின்றவர்களுக்கோ, ஒரு வேலைக்காரன் கோப்பை வாங்கிய நாயைக் கடலில் அமுக்கிக் கொல்கிறான் என்றுதான் தெரிந்தது. துரைசானி கூச்சல் போட்டாள்.

சொட்டச் சொட்ட வந்து நின்றான். தமிழ் தெரிந்தவர்களில் பக்கத்தில் நின்றது நானும் அண்ணாச்சியும்தான், மற்றவர்கள் வேலிக்கு அப்பால். அவன் துண்டுக்குள் நாய் முனகிக்கொண்டு கிடந்தது. உயிர் இருந்தது. துரைசானி என் பக்கம் திரும்பி, "ஏன் இப்படிச் செய்தான் என்று கேள்" என்றாள். பின்னாலிருந்து அண்ணாச்சி என் முழங்கையை ஒரு கிள்ளுக் கிள்ளினார்.

சூசை நிதானமாகச் சொன்னான். "சுண்ணாம்பு வெந்துட்டுன்னு அம்மாகிட்ட சொல்லுங்கய்யா. கொஞ்சத் தண்ணி பட்டாதான் வேவும். நெறையத் தண்ணில அலசிட்டா அடங்கிரும், அதுக்குத்தான் முக்குனேன். கண்ண மட்டும் இன்னொரு தரம் நல்ல தண்ணில கழுவச் சொல்லுங்க."

நான் இங்கிலீஷில் சொன்னேன்: "தெரியாமல் செய்துவிட்டானாம். சாரி என்கிறான், மேடம்."

பங்களாவில் இரண்டு வருஷம் இருந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை தெரியாதா? அவன் நல்ல காதை என் பக்கம் திருப்பினான். "நான் சாரி சொல்லலையே, ஐயா."

"இப்போது என்ன சொல்கிறான்?" என்றாள் துரைசானி.

"மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறான்" என்றேன்.

மறுநாள் மிலிட்டரி கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். யாரோ நன்றாக அலசியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றார். அதையும் துரைக்கு முன்னால் நின்று என் காதாலேயே கேட்டேன். சுண்ணாம்பு பூசியது நாய்க்காரன் என்று அண்ணாச்சி அதற்கு முன்பே சொல்லிவிட்டிருந்தார். அன்று சாயந்தரமே சூசையின் அறை காலி. அவன் மனைவி தலையில் பாயும் பானையுமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து போனதை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜன்னலை நானே சாத்தினேன். அந்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று.

மீன் விற்க வருகிற ஒருத்தி பிறகு சொன்னாள்: "சூசையா? அவன் திரும்பச் சங்கு குளிக்கப் போறாம்லா." காது என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. புன்னைக்காயல் என்ன, கண்காணாத தேசமா? இத்தனை வருஷத்தில் ஒருமுறை போயிருக்கலாம். போகவில்லை. பயந்தாங்கொள்ளி, வேறென்ன.

துரையும் துரைசானியும் யுத்தம் முடிந்ததும் கப்பல் ஏறிவிட்டார்கள். போகும்போது கோப்பையை அண்ணாச்சிக்குக் கொடுத்தார்கள், அவர் சாகும்வரை அதில் பேனா போட்டு வைத்திருந்தார். பங்களா லாரி ஷெட்டாகி, அதுவும் இடிந்துவிட்டது. கிளப் புல்வெளி இருந்த இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. முத்துக் குளிப்பும் நின்றுபோயிற்று. ஒன்றுக்கும் நான் வருத்தப்படவில்லை, ஒழிந்தது.

ஆனால் அன்றைக்கு சூசை சொன்னது என்ன என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவன், அண்ணாச்சி, நான். அவன் இருக்கிறானோ இல்லையோ. அண்ணாச்சி போய்விட்டார். எனக்கும் வயதாகிவிட்டது. நானும் போய்விட்டால் அந்தக் கரையில் எல்லோரும் கேட்டது என் இங்கிலீஷ் மட்டும்தான் என்றாகிவிடும். அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்: சூசை மன்னிப்புக் கேட்கவில்லை. நாயின் கண்ணை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னான்.