அப்பா வாசித்த பாட்டு

தொம்மலூரில் நான் வேலை பார்க்கும் ஆபீஸ் கேன்டீனில் நேற்று ஒரு பையன் கிட்டார் வாசித்தான். பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு. நடுவில் வரும் வேகமான வாசிப்பை விட்டுவிட்டு மெதுவாக வாசித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பாவும் அந்தப் பாட்டை அப்படித்தான் வாசிப்பார். ஜீவனஹள்ளியில் எங்கள் சர்ச் ஆட்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பொம்மசந்திரா கம்பெனி மெஷினில் அவருக்கு இடது கை விரல் ஒன்று போயிருந்தது. அது எனக்குத் தெரியும். மிச்ச விரல்களுக்குத் தக்கபடி பாட்டை மாற்றிக்கொண்டார் என்பது அப்போது தெரியாது.

பத்து வயதில் பக்கத்து வீட்டு கேசட்டில் அசல் பாட்டைக் கேட்டேன். அடுத்த கல்யாணத்தில் அப்பா வாசித்து முடித்ததும் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"நடுவுல ஸ்பீடா வருமே, அத விட்டுட்டப்பா நீ!"

அம்மாவின் அண்ணன் சிரித்தார். "மாப்ள, மாட்டிக்கினியா! புள்ள கேக்குதில்ல, வாசி!"

அப்பா வாசித்துப் பார்த்தார். தந்தி தப்பித் தப்பிப் போனது. கூட்டம் சிரித்தது.

"அது எனக்கு வராதும்மா" என்றார் என்னிடம்.

அதற்கப்புறம் கல்யாணங்களுக்கு வெறும் கையோடு வந்தார். யாராவது கேட்டால், "கிட்டார் ரிப்பேர்ப்பா" என்பார். கிட்டார் நன்றாகத்தான் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.