இருபது வினாடி வெளிச்சம்

எங்கள் தொழிற்சாலையின் அட்மின் கட்டடத்தை வானளாவிய கட்டடம் என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். மொத்தம் ஒன்பது மாடிதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் தகரக் கூரை ஷெட்டுகளாகவே பார்த்துவந்த கண்ணுக்கு அதுவே பெரிய உயரம். மழை ஓய்ந்த காலையில் மொட்டைமாடியில் ஏறி நின்றால் தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி மினுங்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சர்டிபிகேட்டோடு வந்து இறங்கிய வருடம், பஸ் ஜன்னல் வழியாக அந்த நீலக் கண்ணாடியைப் பார்த்து, இதற்குள் ஒருநாள் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உட்கார்ந்தேன். எலக்ட்ரிகல் மெயின்டெனன்ஸில் ஆரம்பித்துக் கடைசியில் அந்தக் கட்டடத்துக்கே பொறுப்பாளன் ஆனேன். இனிச் சொல்லப்போவதில் தப்பு செய்தவன் நான் ஒருவன்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது வேறு ஆள் வருவார் என்று கடைசிவரை தேட வேண்டாம்.

நான் பொறுப்புக்கு வந்தபோது கட்டடத்துக்கு வயதாகிவிட்டிருந்தது. நீலக் கண்ணாடி வெயிலை அப்படியே உள்ளே விட்டது. எட்டாவது மாடியில் சட்டை நனையும். மூன்றாவது மாடியில் மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கணக்குப் பார்ப்பார்கள். ஒரே ஒரு ஆள் ஓவர்டைம் பார்க்க உட்கார்ந்தால் அந்த மாடி முழுக்க விளக்கு எரிய வேண்டும், ஏசி ஓட வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: இடிக்க வேண்டாம், புதுப்பியுங்கள், மின்சாரச் சிக்கனத்துக்கான பசுமைச் சான்றிதழ் வாங்குங்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதுகூடப் பொய். நானே கையைத் தூக்கி வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் நாய் மாதிரி அலைந்தேன். கண்ணாடியை மாற்றினோம். ஓரத்து அறைகளை உடைத்து, வெளிச்சம் நடுக்கூடம்வரை வரும்படி செய்தோம். யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது, வந்தவர் காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. இதெல்லாம் நல்ல வேலை, இன்றைக்கும் அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் நான் மார்தட்டிக்கொண்டது வேறு ஒன்றுக்கு. கேட்டிலும் மாடி வாசலிலும் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே வருபவர்களைக் கம்ப்யூட்டர் எண்ணும். ஒரு மாடியில் யாருமே இல்லையென்றால் அந்த மாடியைத் தூங்க வைத்துவிடும். ஏசி நிற்கும், பெரிய விளக்குகள் அணையும். கூடத்திலும் நடைபாதையிலும் பாத்ரூமிலும் படிக்கட்டிலும் ஆள் அசைவைப் பார்த்து எரியும் சின்ன விளக்கு மட்டும் மிச்சம். "ஆள் இல்லாத இடத்தில் ஒரு யூனிட் கூட எரியாது" என்று மீட்டிங்கில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஹவுஸ்கீப்பிங் பெண்களிடம் அடையாள அட்டை கிடையாது. கான்ட்ராக்டரின் முத்திரை குத்திய அட்டைத் தாள் ஒன்றைக் காட்டிவிட்டுப் பின்கேட் வழியாகக் காலை ஐந்தரைக்கு வருவார்கள். ஏழரைக்குள் ஒன்பது மாடியும் பெருக்கித் துடைத்தாக வேண்டும். கம்ப்யூட்டரின் கணக்கில் அந்த நேரத்தில் கட்டடத்தில் ஒருவருமே இல்லை. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியே இல்லை. திட்டம் போட்ட அன்றே, இரண்டு மணி நேர வேலைதானே, சமாளித்துக்கொள்வார்கள் என்று தாண்டிப் போனேன்.

அவர்களுக்கு ஒரு மூத்த அக்கா இருந்தார். மண்ணூர்க்காரர். குடும்ப நிலம் போன பிறகு வேலைக்கு வந்தவர். புருஷன் படுக்கையில்; அந்த அக்காவின் வேலையை நம்பித்தான் வீடு. மற்ற பெண்கள் பயப்படுகிற விஷயத்தையெல்லாம் அவர்தான் வந்து கேட்பார். புது ஏற்பாடு தொடங்கிய இரண்டாம் நாளே வந்தார்.

"சார், பாத்ரூம் கழுவிகினு கீறோம், லைட்டு பொசுக்குனு அணைஞ்சிபூடுது. இன்னா சார் இது?"

நான் எல்லாப் பெண்களையும் அழைத்து ஒரு வகுப்பே எடுத்தேன். மின்சாரம் ஏன் மிச்சப்படுத்த வேண்டும், நிலக்கரி, புகை, மழை தப்புவது, எல்லாம் சொன்னேன். கடைசியில், "லைட் அணைஞ்சா பயப்படாதீங்க. பஸ்ஸை நிறுத்துற மாதிரி கையை இப்படி ஆட்டுங்க, எரியும்" என்று ஆட்டிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா சிரித்துக்கொண்டே நான் ஆட்டியபடியே ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காலையில் சீக்கிரம் வந்தால் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். மேசை துடைக்கிற பெண் திடீரென்று நிமிர்ந்து ஒரு கையை ஆட்டுவாள், மறுபடி குனிவாள். ஒருநாள் நான்கு பேர் ஒரே சமயத்தில் ஆட்டினார்கள். அதை போனில் வீடியோ எடுத்து மேனேஜர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "காலை உடற்பயிற்சி" என்று மேலே எழுதியது நான்தான். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து சந்தோஷப்பட்டேன்.

சான்றிதழ் கொடுக்கிறவர்கள் சோதனைக்கு வரும் நாள் நெருங்கியது. மீட்டர் இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஒரு படி உயர்ந்த சான்றிதழ் கிடைக்கும் நிலை. படிக்கட்டு விளக்கு மூன்று நிமிடம் எரியும்படி பொருத்தியவர்கள் வைத்திருந்தார்கள். நான் அதை இருபது வினாடியாகக் குறைத்தேன். ஹவுஸ்கீப்பிங் பெண்கள் போய்வர இருந்த ஒரே லிஃப்டான சாமான் லிஃப்டை எட்டு மணிக்கு முன்னால் ஓடாதபடி நிறுத்தினேன். படிக்கட்டில் அசைவு பார்க்கும் கருவி மாடிக் கதவுகளுக்கு மேலே மட்டும்தான் இருந்தது. நடுத் திருப்பத்திலும் ஒன்று வேண்டும் என்று பொருத்த வந்தவர் சொன்னதை, படியேற யார் வரப்போகிறார்கள் என்று நான்தான் வெட்டியிருந்தேன். அந்தப் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் கும்மிருட்டு.

லிஃப்ட் நின்ற மறுநாள் அக்கா மறுபடி வந்தார்.

"பக்கெட்டு தூக்கிகினு ஏற முட்டி வலிக்குது சார். லிஃப்ட்ட மட்டும் வுட்டா நல்லாருக்கும்."

"இந்த மாசம் மட்டும் பொறுத்துக்கோங்கக்கா. சர்டிபிகேட் வந்துரட்டும்" என்றேன்.

"சரி சார். நம்ம பில்டிங்குக்குத்தான" என்று போய்விட்டார்.

சான்றிதழ் வந்தது. கண்ணாடிப் பலகையில் பொறித்து வரவேற்பறையில் மாட்டினோம். லிஃப்டையும் விளக்கையும் பழையபடி மாற்ற வேண்டும் என்று எனக்கு நினைவு இருந்தது. மீட்டர் இறங்கியபடியே இருக்கட்டும், பார்க்க அழகாக இருக்கிறது என்று விட்டேன். அடுத்த வாரம் ஒரு காலை, ஆறாவது மாடியிலிருந்து ஐந்துக்கு இறங்கும்போது நடுத் திருப்பத்தில் விளக்கு அணைந்து அக்கா விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் தையல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று போனில் சொன்னபோது நான் கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டு ஓடியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சியிருக்கும். நான் போனை எடுத்தேன். கட்டுப்பாட்டு ஆப்பைத் திறந்து, படிக்கட்டு விளக்கை இருபது வினாடியிலிருந்து மூன்று நிமிடத்துக்கு மாற்றினேன். லிஃப்டையும் ஓடவிட்டேன். பொங்கல் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் முட்டி வலிக்கிறது என்று வந்து நின்ற அன்றும் அது அவ்வளவு நேர வேலைதான்.

நாலாம் நாள் விசாரணை. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் என்ன கோளாறு நடந்தாலும் 'ஏன்-ஏன்' தாள் ஒன்று நிரப்ப வேண்டும். ஐந்து கட்டம் இருக்கும். ஏன் நடந்தது என்று முதல் கட்டத்தில் எழுதி, அந்தப் பதிலை மறுபடி ஏன் என்று கேட்டு இரண்டாவதில் எழுதி, இப்படி ஐந்து முறை கேட்டால் அடிவேர் பிடிபட்டுவிடும் என்பது முறை. புதுப் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவனே நான். மூன்றில் நிறுத்தாதீர்கள், மூன்றாவது பதிலில் எப்போதும் ஒரு தொழிலாளி இருப்பான், அவனைத் தாண்டிப் போங்கள் என்று வகுப்பில் முழங்குவேன்.

பாதுகாப்பு அதிகாரி, கான்ட்ராக்டரின் ஆள், நான், மாவுக்கட்டோடு அக்கா. எழுதும் பேனா என் கையில். விபத்துக்குக் கவனக்குறைவு காரணம் என்று தாளில் வந்தால் அந்த ஆளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கான்ட்ராக்டரின் ஆள் வெளியிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

"படியில லைட் போயிடுச்சுன்னு சொல்றாங்க. நான் நேத்து நின்னு பாத்தேன், மூணு நிமிஷம் நல்லா எரியுதே" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

மாற்றியது நான் என்று அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அக்கா என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் சேர்த்துத்தான் கூசுகிறது.

"லைட்டு மேல தப்பு இல்ல சார்" என்றார் அக்கா. "கையை ஆட்டுனா எரியும். சாரு அன்னிக்கே எங்க எல்லாருக்கும் சொல்லிக் குட்த்தாரு. எனுக்கு ஒரு கைல பக்கெட்டு, ஒரு கைல மாப்பு. கீழ வெச்சிட்டு ஆட்டியிருக்கணும். அவசரத்துல ஆட்டாம வுட்டுட்டேன். என் தப்புதான் சார்."

நான் விளையாட்டாகச் சொன்னதை அவர் கட்டடத்தின் சட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் திருப்பத்தில் இரண்டு கையையும் ஆட்டியிருந்தாலும் எரிந்திருக்காது, அங்கே கருவியே இல்லை. பாதுகாப்பு அதிகாரி என் பேனாவைப் பார்த்தார். நான் எழுதினேன். ஏன் விழுந்தார்? படி தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? இருட்டு. ஏன் இருட்டு? பயிற்சியில் சொன்னபடி விளக்கை எரியவைக்கவில்லை. நான்காவது கட்டத்தில் என் பெயர் வர வேண்டும். அதிலும் ஐந்தாவதிலும் ஒரு கோடு போட்டேன்.

"என்னா எழுதிக்கீதுன்னு படிச்சுக் காட்டட்டுமா?" என்று கான்ட்ராக்டரின் ஆள் அக்காவைக் கேட்டார்.

"சாரு எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் கோணிக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போயின. தாள் நகராமல் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

கட்டு பிரித்த பிறகு அவரை வேலைக்கு எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி மேலதிகாரிக்கு அனுப்ப இரண்டு முறை மெயில் அடித்தேன். இரண்டு முறையும் அனுப்பவில்லை. இரண்டாவது முறை, எழுத்துப்பிழை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டேன். எவ்வளவு மட்டமான சாக்கு.

போன ஆடிக் கிருத்திகைக்கு மனைவியோடு வல்லக்கோட்டைக்குப் போயிருந்தேன். முருகனைப் பார்க்க நின்ற வரிசையில் எங்களுக்கு நாலு ஆள் முன்னால் அக்கா. முதலில் பார்த்தது நான். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் என்னைப் பார்த்துவிட்டார். மலர்ந்துபோய், பின்னால் இருந்தவர்களுக்கு வழிவிட்டுவிட்டு எங்களிடம் வந்தார். வலது மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினாற்போல் இருந்தது. அர்ச்சனைத் தட்டை இடது கையில்தான் பிடித்திருந்தார்.

"இவங்கதான் உங்க வூட்டுக்காரம்மாவா சார்?" என்று கேட்டு என் மனைவியிடம், "சாரு தங்கமானவரும்மா. எங்களயெல்லாம் ஒக்கார வெச்சி பாடம் எட்த்தாரு. யாரு செய்வாங்க?" என்றார்.

ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்தாராம். இப்போது வேறொரு ஆபீசில் பெருக்குகிறாராம், சம்பளம் குறைச்சல். அங்கே வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தேன்.

"அத்த ஏன் கேக்குறீங்க சார். ஆளு இல்லாத ரூம்லகூட லைட்டு எரிஞ்சிகினே கீது. படிக்கட்டுல ராவும் பகலும் எரியுது. எல்லாம் வேஸ்ட்டு. உங்கள மாதிரி எடுத்துச் சொல்றதுக்கு அங்க ஒரு ஆளு இல்ல. நானாவது சூப்பர்வைசராண்ட சொல்லலாம்னு கீறேன்."

என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

"எரியட்டும்க்கா" என்றேன். "அங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அக்கா சிரித்தார். அன்று வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு. வரிசை நகர்ந்தது. நீங்க முன்னாடி போங்க சார் என்று எனக்கு வழிவிட்டார், நான் போனேன்.