டபுள் ஸ்டாரும் பன்னெண்டு பேப்பரும்

மைதா பசை அடுப்புல கொதிக்கும்போது ஒரு வாசனை வரும்... பாதி கஞ்சி வாசனை, பாதி நனைஞ்ச செவுரு வாசனை. டிசம்பர்ல அடுகோடியில எங்க சந்துக்குள்ள நுழைஞ்சா முதல்ல மூக்குல ஏறுறது அதுதான்.

எங்க சந்துல கிறிஸ்துமஸ் ஸ்டாரை கடையில வாங்க மாட்டோம். நாங்களே கட்டுவோம். மூங்கில் குச்சியில ஒரே அளவா ரெண்டு ஸ்டார் சட்டம், நடுவுல முட்டு, உள்ள ஒரு பல்பு, முன்னாடியும் பின்னாடியும் கலர் பேப்பர். வருஷா வருஷம் இதுக்குத் தலைவி எங்க சந்துல மாடி வீட்டு ஃபிலோ அக்கா. பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ்ல டெய்லர். அவங்க ஒட்டினா பேப்பர்ல ஒரு சுருக்கம் இருக்காது.

நான் ஒன்பதாவது படிச்ச வருஷம், பஸ் படியில வழுக்கி விழுந்து அக்காவுக்கு கால் எலும்பு உடைஞ்சிடுச்சு. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. ஜன்னல் ஓரமா கட்டில்ல படுக்க வெச்சிருந்தாங்க. பார்க்கப் போனா, "இந்த வருஷம் எனக்கு கிறிஸ்துமஸே இல்லடி"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சரியா பேசல.

எங்க அண்ணன் லூர்து வெல்டிங் ஷாப்ல வேலை பார்த்தான். அவனுக்கு மனசு கேக்கல. "அக்கா படுத்துக்கிட்டே பார்க்கற மாதிரி பெருசா கட்டுவோம். போன வருஷம் மூணு அடி... இந்த வருஷம் ஆறு அடி."

பேப்பர் கணக்கு என் பொறுப்பு. ஏன்னா இந்த மேடம் ரேஷியோ அண்ட் ப்ரபோர்ஷன்ல முழு மார்க்! போன வருஷம் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஆறு பேப்பர் ஆச்சு. ஸ்டார் டபுள்னா பேப்பரும் டபுள். பன்னெண்டு. ரெண்டே செகண்ட்ல சொன்னேன். அண்ணன் வாயைப் பொளந்துட்டான், எனக்கு தலைகால் புரியல.

இருபத்தி நாலாம் தேதி மதியம்... ஒரு பக்கம் ஒட்டி முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா பேப்பர் காலி. ஒரு தாள் கூட இல்ல. அன்னைக்குப் பார்த்து பந்த் வேற. ஓசூர் ரோட்ல ஈ காக்கா இல்ல, எல்லா கடையும் ஷட்டர் போட்டாச்சு.

"ஏன் ரீட்டா, நீதானே கணக்கு போட்ட?"ன்னு அண்ணன் மெதுவா கேட்டான். திட்டியிருந்தா கூட பரவாயில்ல. அந்த நேரம் பார்த்து, இத்தனை நாளா பேசாம இருந்த ஃபிலோ அக்கா மேல இருந்து கத்துறாங்க... "முடிஞ்சிடுச்சாடி?"

எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பக்கத்துல போன வருஷத்து அளவு அட்டை கிடந்துச்சு. ஸ்டாரோட ஒரு முனைக்கு வெட்டின முக்கோணம். எங்க தப்பு பண்ணேன்னு பார்க்க, அதை எடுத்து புது ஸ்டாரோட முனை மேல வெச்சு பென்சில்ல கோடு போட்டேன். உச்சியில ஒண்ணு. கீழ இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. நடுவுல ஒரு முக்கோணம் மிச்சம் நின்னுச்சு. அட்டையைத் தலைகீழா திருப்பி அதுல வெச்சேன்... கச்சிதமா உக்காந்துச்சு.

நாலு! ரெண்டு இல்ல... நாலு!

உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. நீளம் டபுள் ஆகும்போது அகலமும் கூடவே டபுள் ஆகுது. அப்போ மொத்தம் இருபத்தி நாலு பேப்பர் வேணும். பன்னெண்டுல சரியா ஒரு பக்கம் முடிஞ்சதுக்கும் காரணம் அதுதான். ரேஷியோ ஒரு சாப்டர், ஏரியா இன்னொரு சாப்டர்னு நினைச்சு மனப்பாடம் பண்ண பொண்ணு நான். அது ரெண்டும் ஒரு மூங்கில் சட்டத்துக்குள்ள கை கோத்துக்கிட்டு நிக்குது!

அண்ணனும் அட்டையை வாங்கி மூணு தடவை வெச்சுப் பார்த்தான். "அட, ஆமாடி!" அப்புறம் தலையைச் சொறிஞ்சான். "சரி விடு, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். பேப்பர் பக்கம் அக்காவுக்கு. மொட்டைப் பக்கம் செவுத்துக்கு."

அக்கா ஜன்னலுக்கு நேர் எதிர்ல ஒரு ஷாப்போட பெரிய செவுரு, புதுசா சுண்ணாம்பு அடிச்சது. அதுல இருந்து ஒரு சாண் தள்ளி ஸ்டாரைத் தொங்க விட்டோம். இருட்ட ஆரம்பிச்சதும் அண்ணன் ஸ்விட்ச் போட்டான்.

யாருமே எதிர்பார்க்கல...

பேப்பர் இல்லாத பின்பக்கம் வழியா வெளிச்சம் செவுத்துல அடிச்சு, மூங்கில் குச்சியோட நிழல் இன்னொரு ஸ்டாரா விழுந்துச்சு. முன்னாடி கலர் ஸ்டார், அதைச் சுத்தி செவுரு முழுக்க கோட்டு ஸ்டார். அதோட உச்சி ஷீட் கூரை வரைக்கும் போச்சு. சந்துல இருந்தவங்க எல்லாம் அண்ணாந்து பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாங்க.

மறுநாள் சாயங்காலம் நான் அளந்து பார்த்தேன். பல்புல இருந்து சட்டத்துக்கு ஒரு சாண், சட்டத்துல இருந்து செவுத்துக்கு ஒரு சாண். ஸ்டார் ஆறு அடி, நிழல் பன்னெண்டு அடி. யாரும் கணக்கு போடல, வெளிச்சமே போட்டுடுச்சு! இந்த உலகம் முழுக்க யாரும் சொல்லாமலே இப்படி ஒரு அளவுல ஓடிக்கிட்டு இருக்கேன்னு அன்னைக்கு நான் மலைச்சுப் போயிட்டேன்.

இப்போ பீன்யாவுல ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர்ல டிராயிங் போடறேன். ஸ்கேல்ல ரெண்டுன்னு தட்டினா எல்லாம் சேர்ந்து பெருசாகுது, பேப்பர் தீர்ந்து போறதே இல்ல. வசதிதான், குறை சொல்லல. ஆனா ஏரியா நாலு மடங்கு ஏறி நிக்கறதைப் பார்த்தா எனக்கு இன்னும் லேசா சிலிர்க்கும். பக்கத்து சீட்டுப் பையன் "என்ன மேடம் ஆச்சு?"ன்னு கேட்டுட்டு காபி குடிக்கப் போயிடுவான்.

போன டிசம்பர்ல ஃபிலோ அக்காவுக்கு போன் பண்ணேன். இப்போ ஓசூர்ல மகளோட இருக்காங்க. பேச்சு வாக்குல, "உங்களுக்குன்னு ஆசையா கட்டி, கடைசியில பாதி ஸ்டார்தானே அக்கா குடுத்தேன்"னு சொன்னேன். இத்தனை வருஷமா மனசுல கிடந்தது.

"பாதியா? யாருடி சொன்னா? ஜனவரி ஆறு, மூணு ராஜா திருநாள் வரைக்கும் அதைக் கழட்டவே விடலையே நான்! எப்போடா இருட்டும்னு காத்துக்கிட்டு கிடப்பேன். பேப்பர் என்ன கலர்னு கூட ஞாபகம் இல்லடி... அந்த செவுருதான் ஞாபகம் இருக்கு."

போனை வெச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நான் மட்டும் அன்னைக்கு கணக்கை சரியா போட்டிருந்தா ரெண்டு பக்கமும் பேப்பர் ஒட்டியிருப்போம்... அக்காவுக்கு அந்த செவுரு கிடைச்சிருக்காது.