விரலில் சுற்றும் நூல்

சனிக்கிழமை மதியம். பல்லடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நானும் என் மச்சான் செல்வமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். இருவருக்கும் பனியன் கம்பெனியில் தையல் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் தூத்துக்குடியில் தூண்டில். மாசியில் சீலா மீன் கடிக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு கழிமுகத்தில் கொடுவா. அந்த ஒரு இழுப்புக்காக மாதம் முழுக்க மெஷினில் குனிந்து கிடக்கலாம். இது ஆடி. காற்றில் கடையின் தார்ப்பாய் படபடக்கிறது.

செல்வம் பெஞ்சில் உட்கார்ந்து தூண்டில் ரீலில் புது நைலான் நூல் ஏற்றுகிறான். முடிந்ததும், மெஷினில் நூல் அறுப்பதுபோலவே, நூலை ஆள்காட்டி விரலில் சுற்றி வெடுக்கென்று இழுக்கப் போகிறான்.

"ஐயோ, வேண்டாங்க!"

டீக்கடைக்காரர் ஓடி வந்து அவன் கையைப் பிடிக்கிறார். அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரல் இல்லை.

"நானும் அப்ப டெய்லருங்க. இதே ஆடிக் காத்து. தூண்டி முள்ளு கடல் பாறையில மாட்டிக்கிச்சு, அத்து உடலாம்னு விரல்ல சுத்துனனுங்க. அலை வந்து காலை வாரிடுச்சு. நூலு அறுபடலீங்க."

செல்வம் சிரிக்கிறான். "நாங்க கத்தரிக்கோல் வச்சிருக்கோம்ணே."

"நானும் வெச்சிருந்தனுங்க."

பஸ் வருகிறது. ஏறி உட்காருகிறோம். செல்வத்தின் சட்டைக் கையில் ஒரு நூல் தொங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அதை விரலில் சுற்றி, பட்டென்று அறுத்து எறிகிறான். தன் கை என்ன செய்ததென்று அவனுக்குத் தெரியவேயில்லை.