மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு

கே.கே. நகரில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறவர்களுக்கென்று ஒரு பல்லவி உண்டு. அமைதியான தெரு, நல்ல தண்ணீர், வண்டி நிறுத்த இடம். நானும் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். "இந்த அண்ணே மூச்சு வாங்குற நேரத்துலதான் நாம சம்மதமே சொல்ல முடியும்" என்று டீக்கடையில் என்னைக் கேலி செய்வார்கள்.

சோழவந்தானிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தம்மாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பஸ்ஸில் போய்வர உடம்பு தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். கணவருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்ததால் வாரத்தில் பாதி நாள் ஊரில் இருந்தாக வேண்டும்.

இரண்டு வீடு காட்டினேன். இரண்டிலும் அந்தம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

"பக்கத்து வீட்ல ஆளு இருக்காகளா?"

"இருக்காங்கம்மா, ஆனா இருக்கதே தெரியாது. காலையில கேட்டைப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருவாங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். படிக்கட்டு பிடிக்கவில்லையோ, குளியலறை சின்னதோ என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வீட்டிலும் அதே கேள்வி. பதில் நுனிநாக்குவரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "ஏம்மா கேக்குறீங்க?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தா கிறுகிறுன்னு வருதுண்ணே. போன மாசம் அடுப்படியில விழுந்துட்டேன். ஊர்ல இருக்கவும் அக்கம்பக்கத்துல ஓடியாந்து தூக்குனாக. இங்க விழுந்தா யாரு பாப்பாக? இவுகளும் கொடிக்கால விட்டுட்டு எங்கூடவே உக்காந்திர முடியுமா?"



மாவு மில்லை ஒட்டி ஒரு வீடு என் கைவசம் இருந்தது. சத்தத்துக்காகவே அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். அங்கே கூட்டிப்போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் நாலைந்து பெண்கள் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, இம்புட்டுச் சத்தமா இருக்கு" என்றார் கணவர்.

அந்தம்மா நேரே மில்லுக்காரம்மாவிடம் போய், குரலை உயர்த்தித் தன் உடம்பைப் பற்றிச் சொன்னார். "காலையில மில்லத் தெறக்கையில ஒரு சத்தங் குடுப்பீகளா?"

"குடுக்குறேன்க்கா."

"நான் பதில் சொல்லலைன்னா?"

மில்லுக்காரம்மா கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு, "கதவ ஒடச்சிட்டு வந்துருவேன். புதுக் கதவுக்கு இந்தா, இந்த அண்ணன் பொறுப்பு" என்று என்னைக் காட்டினார்.

வீட்டுக்குள் போய்ப் பார்க்காமலே, "இதே போதும்ணே" என்றார் அந்தம்மா.