ஒரு தாளைச் சுற்றி ஆறு பேர்

முதல் நாள்

மாற்றலாகிப் போன முதல் நாளே, எட்டாம் தர வகுப்பின் கதிரை மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளை நிலத்தில் வட்டம் வட்டமாக இருத்தினேன். கனமூலையில் விடிய பஸ் ஏறி, குறிஞ்சிப்பிட்டிக்கு அப்பால் இறங்கி, மணலில் நடந்து போயிருந்தேன். செருப்புக்குள் மணல் கடித்துக்கொண்டிருந்தது. இலக்கியக் கலந்துரையாடல் என்று பயிற்சியில் படித்ததை அன்றைக்கே செய்து காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. அந்த வழியால் வந்த பாடசாலை அதிபர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன டீச்சர், கந்தூரிச் சோறா குடுக்கப் போறீங்க?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது.

"ஓம் சேர், சஹன் வெக்கிறன். சஹனுக்கு ஆறு பேர்" என்றேன்.

வாயில் வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை. போட்டோக் கொப்பிப் பேப்பரை அதிபர் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். பிள்ளைக்கு ஒரு தாள் என்று கேட்டால் நடக்காது. வட்டத்துக்கு ஒரு தாள் என்றால் தருவார். ஆகவே ஒரு தாளை நடுவில் வைத்து ஆறு பிள்ளைகள் சுற்றி இருப்பது என்று முடிவாயிற்று.

பிரதீபன் என்ற பையன் மட்டும் கையை உயர்த்தினான். உடப்பிலிருந்து வந்து கரையில் வாடி என்ற ஓலைக் கொட்டில் போட்டிருந்த மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. சஹன் என்றால் என்னவென்று கேட்டான். மற்ற வகுப்பே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து விளக்கம் சொன்னது. கந்தூரி விருந்தில் பெரிய தட்டில் சோறு வரும், ஆறு பேர் சுற்றி இருந்து அதிலேயே சாப்பிட வேண்டும். எல்லாரும் வந்து இருக்கும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. தன் பக்கத்துச் சோற்றைத்தான் தின்ன வேண்டும், மற்றவன் பக்கம் கை நீட்டக் கூடாது. இறைச்சித் துண்டு கிடைக்காதவன் பக்கம் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். எவ்வளவு கெதியாகத் தின்றாலும், கடைசி ஆள் தின்று முடியும் வரை எழும்பக் கூடாது. இந்தக் கடைசி விசயத்தில் வாப்பாவிடம் அடி வாங்கிய கதையை இரண்டு பேர் சொன்னார்கள்.

நான் அதையெல்லாம் கரும்பலகையில் எழுதி, மேலே 'நாம் கதைக்கும் ஒழுங்கு' என்று தலைப்புப் போட்டேன். ஆசிரியர் பற்றாக்குறையால் தமிழும் வாழ்க்கைத் தேர்ச்சியும் இரண்டுமே என் தலையில்தான். வாழ்க்கைத் தேர்ச்சிப் புத்தகத்தில் செவிமடுத்தல், பகிர்தல், ஒத்துணர்வு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை எப்படிப் படிப்பிப்பது என்று நான் பஸ்ஸில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு வந்திருந்தேன். பார்த்தால், எல்லாம் இவர்கள் கையிலேயே இருந்தது.

திறந்து கிடந்த கதவு

நான் பாடத்துக்கென்று ஒரு சின்னக் கதை எழுதிக்கொண்டு போவேன். ஒரு நாள் கொண்டுபோன கதையில் ஒரு வாப்பா மகனிடம், நாளைக்கு உன்னையும் கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார். மகன் சந்தோஷத்தோடு படுக்கிறான். விடிய எழும்பினால் வாப்பா இல்லை, கதவு திறந்து கிடக்கிறது, வாசல் மணலில் காலடிகள் மட்டும் தெரிகின்றன. மகன் வாப்பாவோடு கதைப்பதை நிறுத்திவிடுகிறான். அவ்வளவுதான் கதை. வாப்பா செய்தது சரியா, பிழையா என்பது என் கேள்வி.

ஐந்து வட்டத்தில் நாலு வட்டம் வாப்பாவைத் தூக்கில் போட்டது. சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை, ஏமாற்றிவிட்டார் என்றார்கள். நானும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அப்போது ஐந்தாவது வட்டத்தில் நஸ்ரியா என்ற பிள்ளை தலையைச் சரித்துக்கொண்டு சொன்னாள்:

"கடல் காத்து அடிக்கிற நேரம் ஆராவது கதவத் தொறந்து போட்டுட்டுப் போவாங்களா டீச்சர்? அவர் வேணுமெண்டுதான் தொறந்து வெச்சிரிக்கார். கையால எழுப்ப மனசு வரல்ல. காத்து வந்து எழுப்பினா கூட்டிப் போவம் எண்டு கொஞ்ச நேரம் வாசல்ல நிண்டும் இரிப்பார்."

நான் தாளை எடுத்து மறுபடி வாசித்தேன். கதவு திறந்து கிடந்தது என்று ஒரு யோசனையும் இல்லாமல்தான் எழுதியிருந்தேன். நான் எழுதிய கதையை எனக்கே ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை திறந்து காட்டுகிறாள். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம், இப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதே இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் முதல் தடவையே கேட்டுவிட்டதாகச் சொன்னார்.

அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கதையும், உண்மையைச் சொன்னால், அவள் என்ன சொல்வாள் என்று கேட்பதற்காகவே எழுதியது.

தொண்டை, கண், கண்ணாடி

தவணைப் பரீட்சை வந்தது. நஸ்ரியாவின் தமிழ் விடைத்தாள் வெறும் தாளாக வந்தது. மேலே பரீட்சைச் சுட்டெண் மட்டும் இருந்தது, அதுவும் பக்கத்தில் இருக்கும் ஷிப்னாவின் கையெழுத்தில். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த பாடத்தில் அந்தக் கதவுக் கதையையே மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு வட்டத்திலும் தாள் கைமாறிப் போக, ஆளுக்கொரு வசனம் வாசிப்பது எங்கள் வழக்கம். நான் ஐந்தாவது வட்டத்துக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். தாள் ஷிப்னாவிடம் வந்தது. அவள் தன் வசனத்தையும் அடுத்ததையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, நஸ்ரியாவின் மடிக்கு மேலால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தாள். அந்தப் பிள்ளையும் ஒன்றும் நடக்காதது போல வாங்கினான். பழகிய கைகள். இத்தனை நாளும் என் கண்ணுக்கு முன்னால்தான் இது நடந்திருக்கிறது.

இன்றைக்கு நஸ்ரியா வாசிக்கட்டும் என்றேன்.

அவளுக்குத் தொண்டை சரியில்லை என்றாள் ஷிப்னா. அதே நேரம் இன்னொருத்தி கண்வலி என்றாள். மூன்றாவது பிள்ளை, கண்ணாடி உடைந்துவிட்டது என்றான். நஸ்ரியா கண்ணாடி போட்டதை நான் கண்டதே இல்லை. மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். ஷிப்னாவின் கண் நிறைந்துவிட்டது.

"வீட்ட தெரிஞ்சா இவள நிப்பாட்டிருவாங்க டீச்சர். இவட மூத்த ராத்தாவ அப்பிடித்தான் நிப்பாட்டின."

"பொய் செல்ல வேணாம்" என்றாள் நஸ்ரியா. எழும்பி நின்றாள். "எனக்கு எழுத்து தெரியா டீச்சர். கொஞ்சம்தான் தெரியும். மத்தவங்க வாசிக்கிறதக் கேட்டுத்தான் நான் கதைக்கிற."

சின்ன வகுப்பிலிருந்தே அப்படித்தானாம். மத்ரசாவிலும் கேட்டே ஓதப் பழகியிருக்கிறாள். ஒரு தடவை காதில் விழுந்தால் அவளுக்குப் போதும். வகுப்பு முழுக்க இது தெரியும். ஒரு பிள்ளை கூட இத்தனை வருடமாக ஒரு ஆசிரியரிடமும் மூச்சு விடவில்லை. ஒத்துணர்வு என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் வரைவிலக்கணம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

உட்கார் என்று சொல்லலாமா, பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசலாமா என்று யோசித்தேன். அடுத்த வட்டத்திலிருந்து பிரதீபனின் குரல் வந்தது.

"அவ வாசிக்கட்டும் டீச்சர். ஆறுதலா வாசிக்கட்டும். கடைசி ஆள் முடிக்கிற வர எழும்பப் படாதுதானே."

நஸ்ரியா மறுபடி நிலத்தில் இருந்தாள். தாளை மடியில் வைத்து முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.

இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கதை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். விரலை ஓட்டிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்திருந்தால், அவள் வாசித்தாள் என்றே நான் நம்பியிருப்பேன். தப்பிக்க அவ்வளவு சுலபமான வழி இருந்தது. அவள் அந்த வழியில் போகவில்லை. 'வா' என்றாள். விரல் நகர்ந்தது. 'ப்' என்ற எழுத்தில் நெடுநேரம் நின்றாள். அடுத்து என்ன சொல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் எழுத்து தன்னிடம் வரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நெற்றியில் வியர்வை.

இடைவேளை மணி அடித்தது. வெளியே மற்ற வகுப்புகள் கன்டீனுக்கு ஓடின, ரோல்ஸ் வாசம் வந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அசையவில்லை. சும்மா நின்ற இடத்தில் குதிக்கிற பையன்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். யாரும் எழுத்தை எடுத்துக் கொடுக்கவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. இடைவேளை முடிகிற மணி அடித்தபோது அவள் ஒரு வசனமும் இரண்டாவதில் பாதியும் வாசித்திருந்தாள். பிறகுதான் எழும்பினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் சின்னவளாகிப் போனதாக உணர்ந்தேன், அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது.

உம்மா வந்தது

ஒரு வகுப்பே இடைவேளைக்கு வரவில்லை என்றால் ஊர் கேட்காமல் இருக்குமா? பின்னேரமே கதை பரவிவிட்டது. அடுத்த நாள் காலையில் நஸ்ரியாவின் உம்மா வந்தார். கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவர், வேலைக்குப் போகிற வழியில் அப்படியே வந்திருந்தார். சலாம் சொன்னார், கதிரையில் இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை. குறைந்த மாக்ஸ் எடுத்தால் சோம்பல் என்று நினைத்திருந்தாராம். எட்டு வருடம் வந்தும் எழுத்து ஏறாத பிள்ளையை இனி அனுப்பி என்ன பிரயோசனம், மூத்தவளைப் போல வீட்டோடு இருக்கட்டும், சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெட்கத்தோடு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் சட்டத்திலிருந்து தொடங்கினேன். பதினாறு வயது வரை பிள்ளையை நிப்பாட்ட ஏலாது என்றேன். பின்னேர வகுப்பு நானே வைக்கிறேன் என்றேன். என் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் அவருக்குள் போகவில்லை.

நஸ்ரியா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தாள்.

"உம்மா, எழுத்து தெரியாம எட்டு வருஷம் ஸ்கூலுக்கு அனுப்பின நீங்க. நேத்துத்தான் எனக்கு வாசிக்க வந்திச்சு. இப்பயா நிப்பாட்டப் போறீங்க?"

என் சட்டமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உம்மா மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பின்னேர வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார். இரண்டு மணிக்கு என்றேன். தலையாட்டிவிட்டு வாசல் வரை போனவர், அங்கேயே நின்றார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கும் எழுத்து தெரியா டீச்சர். நானும் வந்து இரிந்தா புள்ளைகள் சிரிப்பாங்களா?"

நான் வாயைத் திறக்க முந்தி மகள் பதில் சொன்னாள்.

"சிரிக்க மாட்டாங்க உம்மா. எனக்குத் தெரியும்."

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக நியமனம் கிடைத்து வருகிற இளம் ஆசிரியர்கள் என்னிடம் வந்து, வகுப்பை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கிறார்கள். நான் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் ஆகக் கஷ்டப்படுகிற பிள்ளை, மற்றப் பிள்ளைகளைப் பற்றி 'சிரிக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும்' என்று சொல்லுமா என்று பாருங்கள். சொல்லுமென்றால், மற்றப் பாடங்களையெல்லாம் பிறகு படிப்பித்துக்கொள்ளலாம்.